விசா கிடைத்த பிறகு



விக்ரோலியில் ஊழியம் செய்யும் எனக்கு, சபைக்கு வரும் ஜெபக்குறிப்புச் சீட்டுகளே இப்பகுதித் தமிழ்க் குடும்பங்களின் வரலாறாகத் தோன்றுவதுண்டு. ஒரு காலத்தில் "கம்பெனியில் வேலை நிரந்தரமாக வேண்டும்", "சொந்தமாக ஒரு ரூம் வேண்டும்" என்று எழுதியிருக்கும். பின்னர் பிள்ளைகளின் பத்தாம் வகுப்புத் தேர்வும் இன்ஜினியரிங் சீட்டும் அந்த இடத்தைப் பிடித்தன. இன்று பார்க்சைட் மலைச்சரிவிலிருந்தும் கண்ணம்வார் நகரிலிருந்தும் வரும் சீட்டுகளில் அடிக்கடி காணும் சொல் "விசா".

விசா கிடைத்த வாரத்தில் குடும்பம் முழுவதும் சபைக்கு வருகிறது. சாட்சி சொல்லப்படுகிறது, இனிப்பு வழங்கப்படுகிறது. ஆனால் ஓராண்டோ ஈராண்டோ கழித்து அதே தகப்பனார் தாழ்ந்த குரலில், "பாஸ்டர், எக்ஸ்டென்ஷன் ஆகவில்லையாம், யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்கிறார். முதல் செய்தியைச் சபை நடுவே அறிவித்தவர்கள் இரண்டாவது செய்தியை ஒளித்து வைப்பது ஏன்? இதைப்பற்றி உங்களோடு சற்று மனம்விட்டுப் பேச விரும்புகிறேன்.

திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ரயிலேறி மும்பைக்கு வந்த நம் தகப்பன்மாருக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. தெரிந்தவர் ஒருவரின் அறையில் படுத்து, மறுநாளே வேலை தேடினார்கள். எத்தனை வருடம் இருப்பது, எப்போது ஊர் திரும்புவது என்பதெல்லாம் அவர்களுடைய விருப்பம். அந்தப் பழக்கத்திலேயே பிள்ளையின் பயணத்தையும் எண்ணிவிடுகிறோம். போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்கிறோம். நம் பிள்ளையோ தேதி குறிக்கப்பட்ட ஓர் அனுமதியோடு போகிறது. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் முதலாவது விளங்கிக்கொள்ள வேண்டும்.

நுழைவும் தங்குதலும் ஒன்றல்ல

பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா பெரும்பாலும் வாசலைத் திறக்கும் சாவி மட்டுமே. உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதை வேறொரு பதிவு தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் எஃப்-1 மாணவருக்கு நுழைவுப் பதிவும், பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவமும் அந்த வேலையைச் செய்கின்றன. ஐ-20இல் படிப்பு முடியும் தேதி இருக்கும். படிப்பு நீளுமானால் அந்தத் தேதிக்கு முன்பே காரணம் காட்டி நீட்டிப்புக் கேட்க வேண்டும். ஜெர்மனிக்குச் செல்லும் மாணவர் இங்கே பெறுவது நுழைவு விசா. அங்கே போய், அது காலாவதியாகுமுன் அந்நகரத்து வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டனில் 2024 முடிவோடு பழைய அட்டை முறை போய், அனுமதி முழுவதும் இணையக் கணக்கில் பதிவாகும் மின் விசாவாகிவிட்டது. கையில் எடுத்துப் பார்க்கத் தாள் இல்லாததால், தேதி மறந்துபோவது இன்னும் எளிது.

நாடுகள் வேறுபட்டாலும் ஒரு விதி ஏறக்குறைய எங்கும் ஒன்றே: இருக்கிற அனுமதி முடிவதற்கு முன்பே அடுத்ததற்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி ஆகிய நாடுகளில் முறைப்படி, நேரத்தோடு விண்ணப்பித்த மாணவர் பொதுவாக முடிவு வரும்வரை சட்டப்படியே தங்கியிருக்கலாம். ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடக்கூடும். கனடாவில் அனுமதி இழந்தவர் 90 நாட்களுக்குள் அதை மீட்டுத்தரும்படி கேட்க வழியுண்டு. கேட்டதனால் கிடைத்துவிடும் என்பதில்லை.

முன்னே போன அண்ணன் சொன்ன விதியை இன்று நம்பி நடக்கவும் கூடாது. அமெரிக்க அரசு மாணவர் தங்கும் காலத்தை நான்கு ஆண்டுகளுக்கு மேற்படாமல் வரையறுக்கும் விதியொன்றை 2025 ஆகஸ்டில் முன்மொழிந்தது. கனடா 2024 ஜனவரியில் மாகாண ஒப்புதல் கடிதத்தைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து, சுற்றுலா விசாவில் உள்ளே வந்தவர் அங்கிருந்தபடியே மாணவர் விசா கேட்பதை நிறுத்தியது. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அரசின் அதிகாரபூர்வ அறிவிப்பில் உள்ளதே விதி.

பெயரில் தொடங்கும் சிக்கல்

மும்பைத் தமிழருக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. தமிழ்நாட்டில் நமக்குப் பெயரும் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் போதும். மகாராஷ்டிரப் பள்ளியிலோ பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றும் கேட்பார்கள். சேர்க்கை நாளில் அவசரத்தில் ஒருவர் சாதிப் பெயரைச் சொன்னார், ஒருவர் ஊர்ப் பெயரைச் சொன்னார், வேறொருவர் தாத்தா பெயரைச் சொன்னார். பிறப்புச் சான்றில் ஒரு பெயர், பத்தாம் வகுப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொன்று. ஞானஸ்நானத்தின்போது புதுப்பெயர் எடுத்தவர்களுக்கு நான்காவதும் சேர்ந்துகொள்கிறது.

இருபது வருடம் யாரும் கேட்காத இந்த வேறுபாடு விசா மேசையில் கேள்வியாகிறது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து மற்றக் கட்டம் வெறுமையாக இருந்தால், அமெரிக்க விசாவில் "முதற்பெயர் தெரியாது" என்று பொருள்படும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து ஏறிவிடும். பிறகு வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் பிள்ளை அந்த மூன்றெழுத்தைச் சுமந்து அலைய வேண்டும். ஆகவே பிள்ளை பதினோராம் வகுப்பில் இருக்கும்போதே எல்லாச் சான்றுகளையும் ஒரு பாயில் பரப்பி வைத்துப் பாருங்கள். எழுத்து வேறுபட்டால் மாநகராட்சியிலும் பள்ளியிலும் திருத்துங்கள். பெயரையே மாற்ற வேண்டுமானால் அரசிதழில் வெளியிடுங்கள். விமான டிக்கெட் எடுத்தபின் செய்கிற வேலையல்ல இது.

"ஒரு காகிதம்தானே, பாஸ்டர்?"

சில வருடங்களுக்கு முன் எங்கள் சபைச் சகோதரர் ஒருவர் தம் மகளோடு என்னைக் காண வந்தார். மகள் இங்கிலாந்தில் முதுகலை படிக்க விரும்பினாள். பட்டப்படிப்புக்குப் பின் இரண்டு ஆண்டுகள் அவள் வேலைக்குப் போகவில்லை. தகப்பனாரின் அறுவை சிகிச்சையின்போது வீட்டைப் பார்த்துக்கொண்டு, மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். அவர்களுடைய ஏஜென்ட் இரண்டு யோசனைகள் சொல்லியிருந்தார். சபை நடத்தும் பள்ளியில் அவள் ஆசிரியையாக இருந்தாள் என்று நான் ஒரு கடிதம் தர வேண்டும். வங்கியில் காட்ட வேண்டிய தொகையை ஒரு பைனான்சியர் வட்டிக்குப் போட்டு வைப்பார். நாள் கழிந்ததும் எடுத்துக்கொள்வார்.

எங்கள் சபைக்குப் பள்ளியே கிடையாது. முடியாது என்றேன். சகோதரரின் முகம் சிவந்தது. "ஒரு காகிதம்தானே, பாஸ்டர்? எல்லாரும் செய்கிறதுதானே? ஒரு பிள்ளையின் எதிர்காலம்!" என்றார். அதன்பின் சில வாரங்கள் அவர்கள் ஆராதனைக்கு வரவில்லை. அந்த நாட்கள் எனக்கும் இலகுவாக இருக்கவில்லை.

அந்தக் காகிதத்தின் விலை என்ன என்பதை நீங்கள் அறிய வேண்டும். விண்ணப்பத்தில் ஏமாற்றியது தெரிந்தால் பிரிட்டன் பத்தாண்டு வரை விசா மறுக்கலாம். கனடா ஐந்தாண்டு தடை விதிக்கிறது. அமெரிக்காவில் அது வாழ்நாள் முழுவதும் தொடரும் தடையாகலாம். கடிதம் தயாரித்தவர் வேறொருவர் என்று சொல்லித் தப்ப முடியாமல் போகலாம். கையெழுத்திட்டது விண்ணப்பதாரர், எனவே தடையும் அவருக்கே. 2023இல் கனடாவில் நம் நாட்டு மாணவர் பலர், பெரும்பாலும் பஞ்சாபியர், நாடுகடத்தப்படும் நிலைக்கு வந்தது நினைவிருக்கலாம். ஏஜென்ட் கொடுத்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் போலி என்பது, அவர்களில் பலர் படித்து முடித்து, நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் வெளிப்பட்டது.

அந்த மகள் என்ன செய்தாள்? தகப்பனாரிடம் வாதாடாமல், நடந்ததை நடந்தபடியே எழுதினாள். மருத்துவமனைத் தாள்களை இணைத்தாள். டியூஷன் பிள்ளைகளின் பெற்றோர் இருவர் கையெழுத்திட்டுத் தந்தனர். பைனான்சியரை விட்டு வங்கியில் கல்விக் கடன் கேட்டதால், அந்தப் பருவச் சேர்க்கை தவறிப்போயிற்று. அடுத்த பருவத்தில் விசா கிடைத்தது. உண்மை சொன்னால் எப்போதும் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. எல்லாத் தாளும் சரியாயிருந்த ஒரு வாலிபனுக்கு மறுக்கப்பட்டதையும் கண்டிருக்கிறேன். ஆனால் அவன் மறுபடியும் விண்ணப்பிக்க முடிந்தது. பொய் சொல்லி மாட்டியவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நேர்மையானவரும் அகப்பட்டுத் தவித்ததுண்டு. 2014இல் பிரிட்டனில் ஆங்கிலத் தேர்வில் மோசடி நடந்தது அம்பலமானபோது, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விசா ரத்து செய்யப்பட்டது அல்லது மறுக்கப்பட்டது. தாங்களே தேர்வெழுதியதாகச் சொன்ன பலர் அதை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். ஆகவே மதிப்பெண் சான்று, கட்டண ரசீது, வருகைப் பதிவு, கல்லூரி அனுப்பிய மின்னஞ்சல் அனைத்தையும் பிள்ளை பத்திரப்படுத்தட்டும்.

வீட்டுக்கு வரும் பணம்

நீட்டிப்பு ஏன் மறுக்கப்படுகிறது? தேதி தவறுவது ஒரு காரணம். தேர்வில் தேறாமை, வகுப்புக்குப் போகாமை, அனுமதித்த நேரத்துக்குமேல் வேலை செய்தல் ஆகியவை மற்றக் காரணங்கள். இந்த மூன்றுக்கும் வேர் பல சமயங்களில் நம் வீட்டில் இருக்கிறது.

பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பாடநாட்களில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். கனடாவில் 2024 நவம்பரிலிருந்து வகுப்பு நாட்களில் வாரம் 24 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். ஜெர்மனியில் 2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழுநாட்கள். இந்த வேலையில் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் வருமே தவிர, இங்கே வாங்கிய கடனை அடைக்க வராது. ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து ஓராண்டுச் செலவுக்கென்று 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்டச் சொன்னதும் இதனாலேயே: மாணவர் வேலையை நம்பி வரக்கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு வாலிபன், நகைக்கடனுக்கு மாத வட்டி கேட்டு வீட்டிலிருந்து போன் வந்தபோதெல்லாம், இரவில் ஒரு கிடங்கில் கூடுதல் நேரம் உழைத்தான். பகலில் வகுப்பில் உறங்கினான். இரண்டு பாடங்களில் தவறினான். நீட்டிப்பு மறுக்கப்பட்டது. ஆறு மாதம் வீட்டில் "எல்லாம் நன்றாயிருக்கிறது" என்றே சொல்லிவந்தான். அவனுடைய தாயார் என்னிடம் அழுதபோது சொன்ன வார்த்தை இது: "பணம் வருகிறதா என்று கேட்டோம், நீ படிக்கிறாயா என்று ஒருநாளும் கேட்கவில்லை."

வங்கிக் கல்விக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் திருப்பிச் செலுத்தத் தவணை உண்டு. கந்துவட்டியில் அந்தத் தவணை இல்லை. எந்தக் கடன் என்பதை முடிவுசெய்யும்போதே, பிள்ளை இரவில் உறங்குமா உழைக்குமா என்பதையும் முடிவுசெய்துவிடுகிறோம்.

திரும்பி வருவது அவமானமா?

நீட்டிப்பு மறுக்கப்பட்டவர்களில் சிலர் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கிவிடுகிறார்கள். சிலர் படிப்பே நடக்காத ஓரிடத்தில் பணம் கட்டிப் பெயரை மட்டும் பதிவு செய்கிறார்கள். 2019 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் "ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்" என்ற பெயரால் பிடிபட்ட மாணவர் 130 பேரில் 129 பேர் இந்தியர். ஆசிரியரோ வகுப்போ இல்லாத அந்த நிறுவனத்தை நடத்தியவர்கள் குடிவரவுத் துறையின் இரகசிய அதிகாரிகளே. அவர்களை ஏன் அப்படி மாட்டினார்கள் என்று கேட்பது நியாயம். ஆனால் ஊர் திரும்ப முடியாதபடி அந்தப் பிள்ளைகளை எது தடுத்தது என்று நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் நகரத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1916இல் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகையின் காலம் முடிந்தது, படிப்பு பாதியில் நின்றது. அவர் செய்தது என்ன? நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பிவந்து படிப்பைத் தொடர லண்டன் பல்கலைக்கழகத்தில் முறையாக அனுமதி பெற்றுக்கொண்டு, பம்பாய் திரும்பினார். பரோடாவில் அவமதிப்பைச் சந்தித்தார். சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியராக உழைத்துப் பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னரின் உதவியோடும் நண்பரிடம் வாங்கிய கடனோடும் 1920இல் மீண்டும் கப்பலேறினார். 1923இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1917இல் அவர் பாதியில் திரும்பியதை இன்று யார் அவமானமாக எண்ணுகிறார்?

ஆகவே, பெற்றோரே, பிள்ளையை வழியனுப்பும்போது இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். அனுமதி முடியும் தேதியை வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் உங்கள் கையாலேயே எழுதி, அதற்கு ஆறு மாதம் முன்னுள்ள நாளிலும் ஒரு வட்டமிடுங்கள். அந்த நாளில் பிள்ளைக்குப் போன் செய்து, விண்ணப்பத்தைப் பற்றிக் கேளுங்கள். மற்றொன்று, "நீட்டிப்புக் கிடைக்காவிட்டால் மறைக்காதே, வீட்டுக் கதவு திறந்தே இருக்கும்" என்று புறப்படுமுன்பே வாய் திறந்து சொல்லுங்கள். அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளை பயத்தினால் பொய் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்த பிள்ளையைச் சபையில் காணும்போது, "ஏன் வந்தாய்?" என்று கேளாமல், "சாப்பிட்டாயா?" என்று கேட்கிற மக்களாக நாமும் இருப்போமாக.