பற்று நோட்டு

ராஜபாளையத்தில் ஒரு மெஸ்ஸில் பதினேழு வருஷம் சாப்பிட்டேன். அதில் பாதி கடனுக்கு. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வட்டத்தில் ஓட்டலைப் பற்றி எழுதுகிறவர்கள் காப்பியின் மணத்தையும் மூலை மேஜையில் நடந்த சர்ச்சையையும் எழுதியிருக்கிறார்களே தவிர, பில்லைப் பற்றி யாரும் எழுதின ஞாபகம் எனக்கு இல்லை.

அண்ணாச்சியின் கடை ஒரு சந்துக்குள். ஆறு மேஜை. மில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள்தான் கூட்டம். சாயங்காலம் நாங்கள் நாலைந்து பேர், கையில் கவிதைப் பிரதியோடு. ஒரு டீக்கு இரண்டு மணி நேரம் மேஜையைப் பிடித்துக்கொள்வோம். "நோட்டுல எழுதிக்கோங்க சார்" என்பார். நாங்களே எழுதிக்கொள்வோம். வெளியூர் நண்பர்களிடம் இதை ஒரு பண்பாடு என்றே நான் கொண்டாடிப் பேசியிருக்கிறேன்.

2020 மார்ச் 24 ராத்திரியோடு எல்லாம் நின்றது. பார்சல் மட்டும் என்றார்கள். மில்லே ஓடாத ஊரில் பார்சல் யாருக்கு? அப்புறம் பாதி நாற்காலிக்கு அனுமதி வந்தது. 2021 மே 10ல் மறுபடி பூட்டு. கட்டடக்காரர் ஒரு வருஷம் பொறுத்தார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை. கிரைண்டரும் பாத்திரங்களும் கிடைத்த விலைக்குப் போயின. அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா அடுப்பில் கிண்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். பஸ்ஸில் அரைமணி தூரம்தான். ஐம்பத்தொன்பது வயசில், கல்லாவில் உட்கார்ந்து பழகின மனுஷருக்கு அது வேறு தூரம்.

ஒருநாள் போய்ப் பார்த்தேன். விறகடுப்பு, புகை, அகலமான இரும்புச் சட்டி. பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை, சாமான் அவ்வளவுதான். 2019ல் புவிசார் குறியீடு வாங்கின பண்டத்துக்கு வேறு ரகசியம் எதுவும் கிடையாது. கை நிற்கக் கூடாது, கடைசியில் தீ தணிய வேண்டும். பத்து லிட்டர் கண்முன்னே சுண்டி மூன்று கிலோ சொச்சமாகிவிடுகிறது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இங்க கொஞ்சம் அடிப்பிடிச்சாலும் எடையில தெரிஞ்சுரும் சார். நம்ம கடையில ஒரு வாளி சாம்பார் சாக்கடைக்குப் போனாலும் எனக்குத் தெரியாது." துக்கமாகச் சொல்லவில்லை. புதுப் பாடம் படித்த பையன் மாதிரி சொன்னார்.

எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஒரு வீழ்ச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டுரை மனசில் பாதி எழுதியாகிவிட்டது.

பஸ் ஏற்றிவிட வந்தபோது, "நோட்டைக் கூட்டிப் பாத்தேன். எண்பத்தாறாயிரம் சொச்சம். வாடகை பாக்கி எழுபத்திரெண்டு" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. என் பங்கு எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை.

கணக்குப் பார்க்கிறவன் அற்பன் என்பது நம்மிடையே ஒரு எழுதாத சித்தாந்தம். 1959ல் தொடங்கிய 'எழுத்து' 1970ல் நின்றது. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார். அதை ஒரு தியாகமாகச் சொல்லிச் சொல்லிச் சிலிர்க்கிறோம். சந்தா அனுப்பாதவர்கள் யார் என்று கேட்பதில்லை. என் அலமாரியிலேயே காசு கொடுக்காமல் வாங்கின பத்திரிகைகள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன.

2023ல் அண்ணாச்சி மறுபடி கடை போட்டார். வேறு தெரு, மூன்று மேஜை. மத்தியானச் சாப்பாடு கிடையாது. காலையும் ராத்திரியும் டிபன். மூன்று கூட்டு வைத்த சாப்பாட்டில் கூட்டம் இருந்ததே ஒழியக் காசு நிற்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்ததாம். அரிசியும் உளுந்தும் நிறுத்துப் போடுகிறார். ராத்திரி மிச்ச மாவை அளந்து ஒரு காலண்டரின் பின்பக்கம் குறிக்கிறார். ஒரு மாசக் குறிப்பைப் பார்த்துச் செவ்வாய்க்கிழமை மாவைக் குறைத்தார். இலையில் மீந்துபோவது மூன்றாவது கரண்டிச் சட்னிதான் என்று கண்டுபிடித்து, கேட்டால்தான் மறுபடி ஊற்றச் சொல்லியிருக்கிறார். பாத்திரம் கொண்டுவந்து பார்சல் வாங்கினால் மட்டும் ஒரு கரண்டி கூடுதல்: பார்சல் செலவு மிச்சம். மாவாட்டுகிற அம்மாளுக்குச் சனிக்கிழமை தவறாமல் கூலி. பழைய கடையில் அந்த அம்மாளுக்கு மாசக்கணக்கில் பாக்கி இருந்த விஷயம் எனக்கு இப்போதுதான் தெரியும். எங்கள் டீயில் அவள் கூலியும் கலந்திருந்திருக்கிறது.

கல்லாவில் ஒரு சின்னப் பெட்டி, வந்த பணத்தை உரக்க அறிவிக்கிறது. முதல்நாள் அந்தச் சத்தத்தில் எனக்கு இட்லி இறங்கவில்லை. இட்லி என்னவோ முன்பைவிட நன்றாக இருந்தது. மேஜையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். அரைமணியில் பையன் வந்து துடைக்கத் தொடங்கினான். எழுந்துகொண்டோம்.

போன மாசம் ஒரு கவரில் பணத்தைப் போட்டு எடுத்துப் போனேன். வேண்டாம் என்பார், நானும் இரண்டு தடவை வற்புறுத்துவேன் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அண்ணாச்சி பழைய நோட்டைக் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்து, என் பக்கத்தைத் தேடி, விரலை வைத்துக் கூட்டினார். 11,340. கவரைப் பிரித்து இரண்டு தடவை எண்ணினார்.

"நூத்தி நாப்பது குறையுது சார்."

கொடுத்தேன். பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, தோசை சூடாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்.