போதிய உஷ்ணம், குறைந்த நேரம்

தை 4, ஞாயிறு. ஸ்ரீபெரும்புதூர்

பொங்கலுக்குச் சொந்த ஊர்களுக்குப் போயிருந்த தொழிலாளர்கள் திரும்பிவந்து, கம்பெனி பஸ்கள் மறுபடியும் ஒரகடம் பக்கமும் சுங்குவார்சத்திரம் பக்கமும் விடியுமுன்னே ஓடத் தொடங்கிவிட்ட இந்நாளில், ஆம்ப்ளிஃபயர் ஒன்று கட்டுவதற்காக ரிச்சி தெருவில் வாங்கிய சாமான்களை மேஜைமீது பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். ஜப்பானின் சான்யோ நிறுவனத்தார் வடிவமைத்ததும், பதினான்கு கால்களும் இரண்டு சானல்களும் உடையதும், சானல் ஒன்றுக்கு 6 வாட்டும் இரண்டையும் பிரிட்ஜாகப் பிணைத்தால் 19 வாட்டும் தரவல்லதுமான 4440 என்னும் ஐ.சி.யே இந்த ஆம்ப்ளிஃபயரின் ஜீவன். ஆட்டோக்களிலும் சலூன்களிலும் டீக்கடைகளிலும் நம் ஜனங்கள் கேட்டு மகிழ்ந்த எத்தனையோ ‘அசெம்பிள் செட்’டுகளின் நாதம் இந்தச் சிறு கரிய துண்டின் வழியாகத்தான் வந்தது.

செட் கட்டுவதைப் பற்றிச் சொல்லுகிறவர்கள் ஸர்க்யூட்டை விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, பற்றவைப்பதை ஒரே வாக்கியத்தில் கடந்துபோய்விடுவது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். வரைபடம் சரியாக இருந்தும் செட் கரகரப்பதற்கும், சில நாட்களிலேயே ஒரு பக்கத்து ஸ்பீக்கர் ஊமையாகிவிடுவதற்கும் பெரும்பாலும் காரணம், மெக்கானிக்குகள் ‘டிரை சால்டர்’ என்று சொல்லும் பொய்யான பிணைப்பு. பார்வைக்கு ஒட்டியதுபோல் தோன்றினும், காலைச் சுற்றி மயிரிழை போன்ற பிளவோடு அது பிரிந்தே நிற்கிறது. அதற்கு மூலகாரணம் கை நடுக்கமோ கண் மங்கலோ அன்று, உஷ்ணத்தைக் கண்டு பயப்படுவதுதான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

தை 7, புதன்

மாலையில், வீடுகளும் விடுதிகளும் ஒருசேர விளக்கையும் மோட்டாரையும் போடுகிற வேளையில், எங்கள் தெருவில் மின்சாரம் 230 வோல்ட்டிலிருந்து 180 வரை இறங்கிவிட்டது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை அனுசரித்தே சால்டரிங் அயர்னின் சக்தி ஏறி இறங்கும் ஆகையால், 25 வாட் என்று கைப்பிடியில் அச்சிட்டிருக்கும் கருவி அவ்வேளையில் 15 வாட்டுக்குச் சற்று மேற்பட்ட வேலையைத்தான் செய்கிறது. வெள்ளீயம் அறுபது பங்கும் காரீயம் நாற்பது பங்கும் கலந்த கம்பி 183 பாகையில் இளகத் தொடங்கி 190 பாகைக்குள் முழுத் திரவமாகிவிடுவதால், அயர்னின் மந்தமான நுனியாகிய ‘பிட்’டின்மீதுகூட அது உருகிப் பளபளக்கும். ஆனால், அடியிலுள்ள செப்புத் திட்டும் ஐ.சி.யின் காலும் அந்த உஷ்ணத்தை அடைவதில்லை. ஈயம் படரவில்லையே என்று மனிதன் பிட்டை அங்கேயே வைத்துக்கொண்டிருக்கிறான். சூடு மெல்ல மெல்லக் கால் வழியாக மேலேறி ஐ.சி.யின் உட்புறத்தைத் தாக்குகிறது. செப்பைப் பலகையோடு பிணைத்திருக்கும் பசை இளகித் திட்டு உரிந்து வருகிறது. சரியாகக் காயாத கல்லில் ஊற்றிய தோசை எத்தனை நேரம் கிடந்தாலும் ஒட்டிக்கொண்டு கிழியுமேயன்றி மேலெழும்பாது, பற்றவைப்பதும் அப்படியே.

ஆகவே பிட் 350 பாகையை ஒட்டிக் காய்ந்திருக்க வேண்டும். காலையும் திட்டையும் அது ஒருங்கே தொட வேண்டும். ஈயக்கம்பியைப் பிட்டில் அன்றி, எதிர்ப்புறத்தில், சூடேறிய செப்பின்மீதே வைக்க வேண்டும். மூன்று விநாடிக்குள் ஈயம் தானாகவே காலைச் சுற்றி ஓடிப் பரவி, உட்குழிந்த சரிவாக நிற்கும். அது உறையும் வரை காலை அசைக்கலாகாது. பழைய செப்புப் பிட்டுகள் வெள்ளீயத்தில் கரைந்து குழிவிழும் இயல்புள்ளவை ஆகையால், அவற்றை அரம் கொண்டு தேய்த்துச் சீர்செய்வது வழக்கம். அதே பழக்கத்தில் இரும்பு முலாம் பூசிய இக்காலத்துப் பிட்டை அரத்தால் தேய்ப்பவர் அதை நாசம் செய்கிறார். ஈரப் பஞ்சில் துடைத்து, நுனியில் எப்போதும் சிறிது ஈயம் பூசிவைத்தால் போதும். கம்பியினுள் இருக்கும் பைன் மரப் பிசின் எரிந்தெழும் புகை ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஜன்னலைத் திறந்து, புகையை முகத்திலிருந்து இழுத்துப் போகும்படி விசிறியை வைத்திருக்கிறேன். காரீயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டில் வைப்பதில்லை.

தை 11, ஞாயிறு

மாடியறையில் குடியிருக்கும் பெண், செல்போன் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள், நான் பற்றவைப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க லைன்ல யாரும் கையால தொடறதே இல்ல, தாத்தா. போர்டு ஓவனுக்குள்ள போகும், அந்தப் பக்கம் வரும்போது எல்லாம் ஒட்டியிருக்கும்” என்றாள். அந்த ஓவனில் என்ன நடக்கிறது என்று கேட்டபோது, திரையில் தினமும் பார்க்கும் உஷ்ணக் கோட்டை அவள் காற்றில் விரலால் வரைந்து காட்டியது எனக்கு அளவற்ற மகிழ்ச்சியைத் தந்தது.

வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 என்ற விகிதத்தில் அமைந்த, பற்றவைப்பதற்காக அங்கே பலகையில் பூசப்படும் காரீயமற்ற களிம்பு 217 பாகைக்கு மேல்தான் உருகும். பலகை முதலில் படிப்படியாக வெதுவெதுப்பாகி, பிறகு 245 பாகையை ஒட்டிய உச்சத்தைத் தொட்டு, உடனே குளிரத் தொடங்குகிறது. 217 பாகைக்கு மேல் அது இருப்பது ஏறக்குறைய ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷம். போதிய உஷ்ணம், குறைந்த நேரம் என்பதே யந்திரத்துக்கும் விதி! 2006 இல் நோக்கியா ஆலை இங்கே உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1 அன்று நிறுத்தும் வரையிலான காலத்திலும், அதற்குப் பின் வந்த ஆலைகளிலும், இந்த விதி கண்ணெதிரே நடப்பதைக் கண்ட இளம்பெண்கள் இந்தப் பிராந்தியத்தில் எத்தனை ஆயிரம் பேர்! ஆனால் அவர்களுடைய அறிவு கண்ணளவில் நின்றுவிட, கைக்கு அதன் ருசி தெரியாமல் போவது பெரிய நஷ்டம் என்று கருதுகிறேன்.

அயர்னை அவள் கையில் கொடுத்தேன். பளபளப்பைக் கண்டவுடன் அவள் சந்தேகப்பட்டாள். தொழிற்சாலையில் நல்ல பிணைப்பும் சற்று மங்கலாகவே இருக்கும், இங்கோ காரீயம் கலந்தது கண்ணாடிபோல் மின்னும். நிறத்தை விட்டுவிட்டுச் சரிவைப் பார் அம்மா என்றேன். இரண்டாவது சானலின் கால்கள் முழுவதையும் அவளே பற்றவைத்தாள்.

தை 13, செவ்வாய்

மாடியறைப் பெண்ணும் நானும் 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரை இணைத்து, முதலில் சீரிஸ் பல்பின் வழியாகவே மின்சாரம் கொடுத்தோம். 60 வாட் குண்டு பல்பு ஒரு க்ஷணம் எரிந்து மங்கியதால் ஷார்ட் இல்லை என்று தெளிந்து, நேராக இணைத்தோம். 4700 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரின் இருமுனைகளில் 15 வோல்ட்டுக்குச் சற்று அதிகமாக இருந்தது. 4440 வேலை செய்கையில் தாங்கும் 18 வோல்ட் வரம்புக்குள் அது அடங்கும்.

ஒலி வந்தது, அதனோடு உறுமலும் வந்தது. கண்டென்சரை நிரப்பும் மின்னோட்டம் விநாடிக்கு நூறு துடிப்புகளாகச் செல்லும் அதே கம்பியின் நடுவில் வால்யூம் கண்ட்ரோலின் எர்த்தும் சேர்ந்திருந்தால், அத்துடிப்பு சங்கீதத்தோடு கலந்து பெருகாமல் என்ன செய்யும்? ஸ்பீக்கர், ஐ.சி., வால்யூம் ஆகியவற்றின் எர்த்துகளைத் தனித்தனியே கொண்டுவந்து கண்டென்சரின் எதிர்மின் முனையில் ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டும். அத்தனை தடித்த கம்பிகள் கூடும் இடத்தில் 25 வாட் அயர்ன் எவ்வளவு நேரம் வைத்தாலும் பயனில்லை, செப்பு அதன் சூட்டையெல்லாம் குடித்துவிடும். 60 வாட் அயர்னை எடுத்துக் கொடுத்தேன். அவள் தயக்கமின்றி அழுத்தி வைத்து, ஈயம் எல்லாக் கம்பிகளினூடும் ஓடிய மாத்திரத்தில் எடுத்துவிட்டாள். உறுமல் அடங்கிவிட்டது, ஸ்பீக்கரோடு காதை ஒட்டவைத்தால் மட்டுமே கேட்கும் மெல்லிய இரைச்சல் ஐ.சி.யினுடையது, அதற்கு நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை.