பற்றரியைப் பார்த்து வாங்குங்கள்

சகோதரிகளே, மேசன், தச்சர் வீடுகளில் வயரில்லாத ட்ரில் இன்று சாதாரணமாகிவிட்டது. என் தம்பிக்குச் சீட்டுக்காசில் ஒன்று வாங்கக் கடைகடையாக ஏறியிறங்கி நான் தெரிந்துகொண்டது இதுதான்: மெசினை விடப் பற்றரியைப் பாருங்கள்.

காசில் நல்ல பங்கு அதற்கே போகிறது. ட்ரில், வாள், கிரைண்டர் மூன்றுக்கும் ஒரே பற்றரி பொருந்துமாறு வாங்குவதே சிக்கனம். கட்டட வேலைக்கு 18 வோல்ட் ஏற்றது. 4 ஆம்பியர்-மணி பற்றரி, 2 ஆம்பியர்-மணிப் பற்றரியைப் போல் ஏறக்குறைய இருமடங்கு நேரம் ஓடும். ஆனால் கைக்குப் பாரம். சீலிங் அடிக்கும் வேலைக்குச் சிறியதே சுகம்.

வயருள்ள மெசின் பிளக்கைக் கழற்றினால் அடங்கிவிடும். இது அப்படியல்ல, மூலையில் கிடந்தாலும் பிள்ளையின் விரல் பட்டால் சுழலும். வேலை முடிந்து வந்ததும் பற்றரியைக் கழற்றி, வெயில் படாத உயரத்தில் வைக்க வேண்டும். தம்பி களைத்து வருவான். எங்கள் வீட்டில் அது என் பொறுப்பு. உங்கள் வீட்டில் யாருடையது என்று இன்றே பேசிக்கொள்ளுங்கள்.