போல்ட்டை எப்ப முறுக்கினாங்க?

இன்னிக்கு சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல. காரோட மூட்டைப் பத்தி ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம்தான். பழைய கார் வெச்சிருக்கிறவங்க முழுசா படிச்சிடுங்க.

என்கிட்ட 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒண்ணு இருக்கு. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல். போன வருஷ ஐப்பசி மழையில அவிநாசி ரோட்டுல வந்துட்டிருந்தேன், பின் சீட்டுல அம்மா. முன்னாடி போன பஸ் சட்டுனு நின்னுச்சு. பிரேக்கை அழுத்தினதும் கார் இடது பக்கமா இழுத்துச்சு. அங்க ஒரு பைக். அந்தத் தம்பி சுதாரிச்சு ஒதுங்கினதால யாருக்கும் ஒண்ணும் ஆகல.

தப்பு என்னோடது. அந்த இழுப்பு திடீர்னு வந்ததில்ல. ஆறு மாசமா இருந்தது. இடது முன் டயர் உள்பக்கமா தேஞ்சுச்சு, பள்ளத்துல இறங்கினா 'டொக்'னு சத்தம். நான் மூணு தடவை வீல் அலைன்மென்ட் பண்ணினேன். மூணு தடவையும் ரிப்போர்ட் சரியா வந்துச்சு, நானும் நிம்மதியா இருந்துட்டேன்.

மாடி ஏறினா நெஞ்சு அடைக்குதுன்னு வர்றவரைப் படுக்க வெச்சு எடுக்கிற ஈசிஜி நார்மலா இருக்கலாம். அதனாலதான் டிரெட்மில்லுல நடக்க விட்டுப் பார்க்கறோம். நிக்கிற கார்ல எடுக்கிற அலைன்மென்ட்டும் அந்தப் படுக்க வெச்ச ஈசிஜி மாதிரிதான். நோயாளிகிட்ட விடாம சொல்ற விஷயம், சொந்த கார்ல தோணல பாருங்க.

விஷயம் இதுதான். சக்கரத்தை காரோட அடிச்சட்டத்துல பிடிச்சு வெக்கிறது லோயர் ஆர்ம். அது சட்டத்தோட சேர்ற ரெண்டு இடத்துல ரப்பர் புஷ் இருக்கும், சக்கரத்துப் பக்கம் பால் ஜாயிண்ட். என் கார்ல பின்னாடி இருந்த பெரிய புஷ் கிழிஞ்சிருந்துச்சு. கார் நிக்கும்போது எல்லாம் அது அது இடத்துல இருக்கும். பிரேக் போட்டா சக்கரம் பின்னால நகர்ந்து திரும்பிக்கும். கடப்பாரை மாதிரி லீவரை விட்டு ஆர்மை நெம்பினா அந்தக் கிழிசல் வாயைத் திறக்குது! ரெண்டு நிமிஷ வேலை, நான் கேட்கவே இல்ல. இருபது வருஷ ரப்பர் கிழியத்தான் செய்யும், காரைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல.

ரெண்டு பக்கமும் புது ஆர்ம், புது பால் ஜாயிண்ட், புது போல்ட் போட்டாச்சு. இந்த போல்ட்டுங்க முறுக்கும்போது நீளும், பழசைத் திரும்பப் போடக்கூடாது. வண்டி அருமையா ஓடுச்சு.

எட்டே மாசம். மறுபடியும் 'டொக்'. இந்த தடவை முன் புஷ், ரெண்டு பக்கமும். டூப்ளிகேட் பார்ட்ஸ்னு கடைக்காரரோட சண்டை போட்டேன். பாவம், அவர் மேல தப்பே இல்ல.

அந்த புஷ்ல உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒண்ணு, நடுவுல ரப்பர் ரெண்டுலயும் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கினதும் உள்குழாய் சட்டத்தோட பூட்டிக்கும். அதுக்கப்புறம் ஆர்ம் ஏறி இறங்கறதுக்கு ரப்பர்தான் முறுங்கிக் கொடுக்கணும். கார் லிஃப்ட்ல, சக்கரம் தொங்கிட்டிருக்கும்போது இறுக்கிட்டா ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. காரைக் கீழே இறக்கினதும் சும்மா நிக்கும்போதே முறுங்கியே இருக்கும். கழுத்தைத் திருப்பி வெச்சே தூங்கினா எப்படி இருக்கும்? தினமும் அப்படி!

எனக்கு அப்படித்தான் இறுக்கியிருக்காங்க. நானும் பக்கத்துலதான் நின்னு டீ குடிச்சிட்டிருந்தேன்.

ரெண்டாவது தடவை, குழி வெச்ச ஒரு பழைய ஷெட்டுல செஞ்சோம். போல்ட்டை லேசா மாட்டிட்டு, நாலு சக்கரமும் தரையில நிக்க, மெக்கானிக் அண்ணன் குழிக்குள்ள இறங்கி இறுக்கினார். "வண்டி நின்ன வாக்குல முறுக்கோணும் டாக்டர்"னார். குழி இல்லாத இடத்துல ஆர்ம் நுனிக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, கார் நிக்கிற உயரத்துக்குத் தூக்கி இறுக்கலாம். ஆனா காரை ஸ்டாண்ட்ல நிறுத்தாம வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில போயிடாதீங்க. அந்தக் கேஸையும் பார்த்திருக்கேன்.

அதுக்கப்புறம்தான் அலைன்மென்ட். இப்ப அஞ்சு மாசம் ஆகுது, பிரேக் போட்டா நேரா நிக்குது. அம்மா மட்டும் இன்னும் பஸ்ஸைப் பார்த்தா முன் சீட்டைப் பிடிச்சுக்கறாங்க.