முட்டி தேய்ந்த கதை

எங்க சேரியில் நாற்பதைத் தாண்டிய பொம்பளைங்க தரையில் கையூன்றாமல் எழுந்து நான் பார்த்ததில்லை. ‘வயசாயிடுச்சி, முட்டி தேஞ்சிபோச்சி’ என்பார்கள். வயதின்மேல் பழியைப் போட்டுவிட்டு மறுநாள் விடியலில் கழனிக்குப் போவார்கள். வயசா தேய்த்தது?

எங்கம்மா பன்னிரண்டு வயசில் நடவுக்கு இறங்கியவள். சேற்றில் புதைந்த காலை உருவி உருவிப் பின்னால் வைக்கணும். களையெடுப்பென்றால் நாள் பூரா குந்திக்கொண்டே நகரணும். அறுப்பென்றால் தலையில் கட்டோடு வரப்பில் நடக்கணும். வீட்டுக்கு வந்தால் அடுப்பெதிரே குந்தணும். விடியுமுன் முள்ளுக்காட்டில் ஒதுங்கவும் குந்தணும்.

மூட்டுத் தேய்மானம் என்பது என்ன? எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு மெல்லச் சிதைகிறது. எலும்போரம் முள்போல வளர்கிறது. மூட்டு வீங்கி வலிக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வரும். உடல் எடை, பழைய அடி, பரம்பரை இவையும் காரணம். ஆண்டுக்கணக்கில் குந்தியும் மண்டியிட்டும் சுமை தூக்கியும் செய்கிற வேலையும் மருத்துவம் ஒப்புக்கொண்ட காரணம்தான். அந்த வேலையை யார் தலையில் கட்டினார்கள் என்று மருத்துவப் புத்தகம் எழுதாது. நாம்தான் எழுதணும்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ‘கீழ குந்தாதீங்கம்மா, சம்மணம் போடாதீங்க, நாற்காலியில உட்காருங்க’ என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அம்மா சிரித்தாள். ‘நாற்காலியாமே! ஆண்ட ஊட்டுத் தோட்டத்து வாசல்ல முப்பது வருசம் கூலிக்குக் குந்திக் கெடந்தேனே, அப்ப எவன்டி ஒரு பலகையாவது போட்டான்?’

டாக்டர் சொன்னது சரியான வைத்தியம். நாற்காலியின் கதை அவருக்குத் தெரியாது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் ஊராட்சித் தலைவியைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்திய படத்தை நாடே பார்த்தது. தலைவிக்கே தரை என்றால் கூலிக்காரிக்கு?

இப்போது வீட்டில் அம்மாவுக்கென்று ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குகிறாள். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். தொடைத்தசை வலுத்தால் மூட்டைத் தாங்கும். வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் கைத்தடி பிடிக்கணும். வெந்நீர் ஒத்தடம் இதமாயிருக்கும். பருத்த உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் பாரம் சுமார் நான்கு கிலோ குறையும். படுத்தே கிடந்தால் தசை சூம்பும், முடிந்தமட்டும் நடக்கணும். பெட்டிக்கடை வலிமாத்திரையைத் தினமும் முழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். முட்டி திடீரென்று சிவந்து, சூடாகி வீங்கி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ரொம்பத் தேய்ந்தவர்களுக்கு மூட்டு மாற்று அறுவை உண்டு; முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு வழியிருக்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவ’த்தில் இயன்முறை வைத்தியமும் வீடுதேடி வரணும். ஊர்த்தெருவோடு திரும்பிப் போனால் விடாமல் கேட்டு வாங்கணும்.

அம்மா கழனி வேலையை விட்டுவிட்டாள். இன்னும் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வரிசை நடவுக்கு நின்றபடி தள்ளுகிற களைக்கருவி வந்திருக்கிறது. அதைக் கழனிக்காரர் வாங்கித் தரட்டும். மணிக்கொரு தரம் எழுந்து இடுப்பை நிமிர்த்துகிற நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காமலிருக்கட்டும். கூலி உயர்வு கேட்கிறபோதே எங்க பெண்கள் இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள். முட்டி மிச்சமிருக்கும்போதே கேட்கிறார்கள்.