அடுத்த முறை

ரஞ்சிக் கோப்பையைத் தமிழ்நாடு வென்றது இருமுறையே. 'மதராஸ்' என்ற பெயரில் 1954-55இல் ஒன்று. வாசுதேவன் தலைமையில் 1987-88இல் மற்றொன்று. பின்னதைத் தந்தையார் சேப்பாக்கத்தில் நேரில் கண்டவர். அன்று சிறுவனாயிருந்த நமக்கு, "அடுத்த முறை கூட்டிப் போறேன்" என்று வாக்களித்தார்.

நமக்கு அது வாய்த்தது 2012 சனவரியில். இடையில் நான்கு இறுதியாட்டங்களில் தோற்றிருந்தோம். ஆளற்ற அரங்கில் (ஐ.பி.எல். சீட்டுக்கு விடிய விடிய நிற்கும் அதே ஊர்தான்) ராஜஸ்தான் இரண்டு நாள்களையும் கடந்து ஆடிக்கொண்டேயிருந்தது. 621 ஓட்டங்கள், வினீத் சக்சேனா மட்டுமே 257. "ஆணியடிச்சு வச்சிருக்கானாடா?" என்றார் தந்தையார். நம்மவர் எடுத்தவை 295. ஆட்டம் சமனானால் முதல் இன்னிங்சில் முந்தியவருக்கே கோப்பை. முடிவு தெரிந்த பின்னும் கடைசி நாள் வந்து அமர்ந்திருந்தார்.

தொடக்கத்திலேயே தோற்கும் அணியை மறந்துவிடலாம். இதுவோ வாசல் வரை வந்து திரும்பும் அணி. 2024 மார்ச்சில் மும்பையுடன் அரையிறுதி. நாம் 146க்குச் சுருண்டாலும், மும்பை 106க்கு ஏழு விக்கெட்டுகளை இழந்தபோது பாழும் மனம் எழுந்து உட்கார்ந்தது. ஷர்துல் தாக்கூர் சதமடித்தார். இன்னிங்ஸ் தோல்வி, அதற்கு மேல் 70 ஓட்டங்கள்.

வழக்கம்போல் தொலைபேசியை எடுத்தோம். தந்தையார் மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது.