விதைக்கு விடும் காய்

ஆடிப்பட்டம் நெருங்கியதும் விதை கேட்டு நண்பர்கள் அழைக்கிறார்கள். கொடுப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர்கள் வீட்டுக் கொடியிலேயே விதை தொங்கிக்கொண்டிருக்கிறதே!

பறித்துச் சமைக்க ஆசை வரும் நல்ல காயைத்தான் விதைக்கு விட வேண்டும், கடைசியில் மிஞ்சும் சூம்பலை அல்ல. பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காய்ந்து, குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். கத்தரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். அதனால் சதையோடு 2 நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

விதைக்குப் பகை ஈரமும் சூடும். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஹாரிங்டன் என்ற விதை அறிவியலாளர் சொன்ன கணக்கு. நம் பாட்டிமார் விதையை அடுப்புச் சாம்பலில் புரட்டி வைத்தார்கள். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும், வண்டையும் அண்டவிடாது. பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பியதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. எவ்வளவு நுட்பமான அறிவு அது!

வெங்காய விதை ஓரிரு ஆண்டுக்குமேல் தாங்காது. நன்கு உலர்ந்த தக்காளி, கத்தரி விதைகள் 4 ஆண்டுவரைகூட முளைக்கும். ஒன்று மட்டும்: வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாய்ச்செடியைப் போலவே வராது. நாட்டு ரகத்தில் எடுங்கள்.

என்னிடம் நாட்டுப் பீர்க்கும் கொத்தவரையும் இருக்கின்றன. வேண்டுவோர் சொல்லுங்கள். யாரிடமாவது சிறகவரை விதை இருந்தால் எனக்குக் கொஞ்சம் தாருங்கள்.